எச்ஆர் நல்லா இருந்தா கம்பெனிக்கு லாபம் கூடுமா? பிராஜெக்ட் பேப்பர் எழுதுறவங்களுக்கு

பினாங்குல வேலை பார்த்துக்கிட்டே பார்ட் டைமா மாஸ்டர்ஸ் படிக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேரு இந்தத் தலைப்பத்தான் எடுக்கிறாங்க, நல்ல தலைப்பு, ஆனா பாதிப் பேரு ஒரு கேள்வி ஃபார்ம் போட்டு தெரிஞ்ச எச்ஆர் மேனேஜருங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி அதோட முடிச்சிடுறாங்க. நானும் மொதல்ல அப்படித்தான் செஞ்சேன், ஆறு மாச வேலை வீணாப் போச்சு, உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

மொதல்ல 1995-ல மார்க் ஹியூஸ்லிட் எழுதின கட்டுரையப் படிங்க. அமெரிக்காவுல கிட்டத்தட்ட 1000 கம்பெனி, ஆள் எடுக்கிறது, ட்ரெயினிங், வேலையப் பார்த்து சம்பளம் இந்த மாதிரி எச்ஆர் வேலையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மார்க் மாதிரி போட்டாரு. அந்த மார்க் ஒரு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரியில இருந்து மார்க் எவ்வளவு விலகிப் பரவியிருக்குன்னு சொல்ற அளவு) கூடுற இடத்துல தலைக்கு 27,044 டாலர் விற்பனையும் 3,814 டாலர் லாபமும் கூடுதலா இருந்துச்சு. எல்லாரும் இந்த நம்பரோட நின்னுடுறாங்க. அடுத்து 2005-ல பேட்ரிக் ரைட்டும் கூட இருந்தவங்களும் எழுதினதையும் கட்டாயம் படிங்க. ஒரே கம்பெனியோட 45 யூனிட்ட எடுத்துப் பார்த்தாங்க, எச்ஆர் மார்க் அடுத்து வர்ற லாபத்தோட எவ்வளவு ஒட்டுதோ முன்னாடி வந்த லாபத்தோடயும் அவ்வளவு ஒட்டுச்சு. அப்போ காசு இருக்கிற கம்பெனிதான் ட்ரெயினிங்குக்கு செலவு பண்ணுதோன்னு கேள்வி வரும்ல? அதனால போன வருஷ ரிசல்ட், இந்த வருஷ எச்ஆர், அடுத்த வருஷ ரிசல்ட், மூணும் வேணும், எந்த ரிசல்ட்னு கீழ சொல்றேன்.

யார்கிட்ட கேக்கிறதுங்கிறது ரொம்ப முக்கியம். மேனேஜர் சொல்றது பேப்பர்ல இருக்கிற பாலிசி, ஆபரேட்டர் சொல்றதுதான் ஃப்ளோர்ல நடக்கிறது. பினாங்குல ஃபேக்டரி நிறைஞ்ச பாயான் லெப்பாஸ் பக்கம்னா மலாய், தமிழ், நேப்பாளின்னு ஃபார்ம் போடுங்க, பேரு கேக்காதீங்க, சூப்பர்வைசர் கையால கொடுக்க விடாதீங்க. வேலை செய்யத் தெரியுமா, செய்ய மனசு இருக்கா, செய்ய விடுறாங்களா, இந்த மூணுலயும் கேள்வி இருக்கணும். கடைசியா சொன்னத நிறைய பேரு விட்டுடுறாங்க. "ரிஜெக்ட் (பழுதான பொருள்) வந்தா யாரையும் கேக்காம லைன நிறுத்தலாமா?"ன்னு ஒரு கேள்வி போட்டுப் பாருங்க, அந்த ஒரு பதிலே எவ்வளவோ சொல்லும்.

லாபத்த நேரா தொடாதீங்க. இங்க பல ஃபேக்டரி வெளிநாட்டு தாய் கம்பெனிக்குத்தான் சரக்கு கொடுக்குது, அந்த விலைய ஹெட் ஆபீஸ் முடிவு பண்ணும், வெள்ளி (ரிங்கிட்) மதிப்பு ஏறி இறங்கினாலும் கணக்கு மாறிடும், இதுல எச்ஆர் எங்க தெரியப் போகுது. ஆள் வேலைய விட்டு நின்னு போறது, எம்சி (மருத்துவ லீவு), ரிஜெக்ட் இதெல்லாம் எச்ஆருக்குப் பக்கத்துல இருக்கு, அதப் பிடிங்க.

ஃபேக்டரி உள்ள விடலன்னா பர்சா மலேசியாவுல (பங்குச் சந்தை) இருக்கிற கம்பெனிங்களோட ஆண்டறிக்கையப் பாருங்க, எத்தன பேரு வேலைய விட்டாங்க, எத்தன மணி நேரம் ட்ரெயினிங்னு இப்ப அதுல போடுறாங்க. சின்ன கம்பெனின்னா தொழிலாளர் ட்ரெயினிங்குக்கான அரசாங்க அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்குக் கட்டுற 1% லெவில எவ்வளவ ட்ரெயினிங்குக்கு எடுத்துப் பயன்படுத்தினாங்கன்னு கேளுங்க. கட்டிட்டு அப்படியே விட்டுடுற முதலாளிங்களும் இருக்காங்க, எனக்கு மனசு வலிக்கிற விஷயம் இது.

போனஸ் போட்ட கையோட ஃபார்ம் கொடுக்காதீங்க, வேலை மாறணும்னு இருக்கிறவங்க அப்பத்தான் கெளம்புவாங்க, உங்க கணக்கு ஒரு பக்கமா சாஞ்சிடும்.