மார்பகப் புற்றுநோய்: குடும்ப வரலாற்றை எழுதிவைப்பது எப்படி?

குடும்பத்தில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் உறுதியானதும் மற்றவர்கள் மனத்தில் எழும் கேள்வி, அது தமக்கும் வருமா என்பதுதான். மருத்துவர் அதற்கு விடை சொல்ல, மூன்று தலைமுறை உறவினரின் நோய் விவரம் எழுத்தில் இருப்பது பெரிதும் உதவும்.

பலரும் தாய்வழியை மட்டும் விசாரித்து நிறுத்திவிடுகிறார்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்களில் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் தந்தையிடமிருந்தும் வரக்கூடும் என்பதால், அத்தைகளையும் தந்தைவழிப் பாட்டியையும் விட்டுவிடக் கூடாது. எந்த உறுப்பில், எந்த வயதில் நோய் கண்டது என்பதைக் குறியுங்கள். 50 வயதுக்கு முன் வந்ததா, இரு மார்பகங்களிலும் வந்ததா, சினைப்பைப் புற்றுநோய் உண்டா, ஆண்கள் எவருக்கேனும் மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்பவை முக்கியமானவை.

முதியவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். "பாட்டிக்குக் கடைசியில் உடம்புக்கு என்ன செய்தது?" என்று தொடங்கினால், "வயிறு வீங்கிப் படுத்துவிட்டாள்" என்பது போன்ற பதில் கிடைக்கலாம், அதை நீங்களாகவே புற்றுநோய் என்று திருத்தாமல், சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். பழைய திசுப் பரிசோதனை அறிக்கை பீரோவில் கிடந்தால் வாய்மொழியைவிட அதுவே நம்பகமானது.

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே மரபுவழி வருபவை. ஆகவே பட்டியலில் எதுவுமே இல்லாவிட்டாலும், கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் இரத்தக் கசிவோ தென்பட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டால், இயன்றவரை நோய் வந்தவரிடமிருந்தே தொடங்குவது வழக்கம். தம்மால்தான் மகளுக்கும் ஆபத்து என்ற குற்றவுணர்வு சில தாய்மார்களை வாட்டும் என்பதால், அவரிடம் இதை அவசரமின்றி, அவர் பேச விரும்பும் வேளையில் எடுத்துச் சொல்லுங்கள்.