குட்டி யானையின் பாடியை டூல்ஸ் பெட்டி தின்னாமல் இருக்க

என் குட்டி யானையில், அதாவது டாடா ஏஸ் மினி லாரியில், மூன்றாவது மழைக்காலம் முடிந்து ஒருநாள் டூல்ஸ் பெட்டியை முழுசாக இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், அது நின்ற இடத்தில் ஓட்டை வழியாக ரோடு தெரிகிறது. ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு இரண்டு ஓட்டை, சுற்றிலும் தொட்டால் உதிர்கிற துரு. நான் கேட், கிரில் வேலைக்காரன். அடுத்தவன் வீட்டு இரும்புக்கெல்லாம் துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட்டு அடித்துக் கொடுக்கிறவன் சொந்த வண்டியைக் கோட்டை விட்டேன். அதனால் சொல்கிறேன், நீங்கள் இப்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிப் பெட்டியை இறக்குங்கள்.

முதலில் ஒரு விஷயம். பாடியை, அதாவது சரக்கு ஏற்றுகிற பின்தொட்டியை, கெடுப்பது பெட்டியின் எடை இல்லை. முக்கால் டன்னுக்குக் கிட்ட ஏற்றுகிற வண்டிக்கு 120 கிலோ பெட்டி ஒரு பாரமே இல்லை. மணல் மூட்டை பரவி உட்காருகிறது, நம் பெட்டியோ நான்கு ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) காலில் நிற்கிறது, அதுதான் வித்தியாசம். ஒரு கால் 2.5 செ.மீ. சதுரம் என்று வைத்தால் நான்கும் சேர்ந்து 25 சதுர செ.மீ., அதாவது ஒரு சதுர செ.மீ. தகட்டில் கிட்டத்தட்ட 5 கிலோ, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆகும். அதே பெட்டிக்கு அடியில் 60க்கு 90 செ.மீ. பலகை ஒன்று இருந்தால் சதுர செ.மீ.க்கு 25 கிராம்கூட வராது.

இதைவிடப் பெரிய எதிரி, பெட்டி நகருவது. சடன் பிரேக் அடித்தால் பொருளின் எடையில் 80 சதவீதம் அளவுக்கு முன்பக்கம் தள்ளும், வளைவில் பாதி எடை பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துத்தான் ஐரோப்பாவில் சரக்குக் கட்டும் கணக்கே போடுகிறார்கள். நம் 120 கிலோ பெட்டிக்கு அது 96 கிலோ தள்ளு. பெயின்ட் அடித்த தகட்டின்மேல் இரும்புக் கால் உராய்ந்து பிடிப்பது சுமார் 25 கிலோவுக்குத்தான், எண்ணெய் சிந்தியிருந்தால் அதுவும் இல்லை. ஆக ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விரல் தூரம் நகரும், ஒரு கீறல் விழும், கீறலில் தண்ணீர் நிற்கும், அப்புறம் துரு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். தகட்டுக்குக் கீழே குறுக்காகப் போகிற சட்டங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்து, மேலே பாடியில் சாக்பீஸால் கோடு போடுங்கள். படுக்க முடியாதவர்கள் சுத்தியல் பிடியால் மேலிருந்து தட்டிப் பார்க்கலாம், சட்டம் உள்ள இடத்தில் சத்தம் கெட்டியாக வரும், மற்ற இடத்தில் தகர டப்பா மாதிரி அதிரும். பெட்டியின் பாரம் அந்தக் கோடுகளின்மேல் விழ வேண்டும். இரண்டு சட்டத்துக்கு நடுவில் கால் நின்றால் தகடு கிண்ணம் மாதிரி குழியும், அந்தக் கிண்ணத்தில்தான் தண்ணீர் தேங்கும்.

நான்கு காலையும் கிரைண்டர் வைத்து அறுத்து எறிந்துவிட்டு, பெட்டிக்கு அடியில் முழு நீளத்துக்கு இரண்டு ஸ்கொயர் டியூப் (சதுர இரும்புக் குழாய்) வைத்துப் பற்றவைப்பதுதான் நான் செய்தது. பாடித் தகட்டில் முன்னும் பின்னுமாக வரிவரியாக மேடு ஓடும் இல்லையா, டியூப் அந்த வரிகளுக்குக் குறுக்கே உட்கார வேண்டும். அப்போதுதான் ஒரே நேரத்தில் ஐந்தாறு மேட்டில் பாரம் பிரியும். டியூபின் வாயை மூட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் போய் அது தனியாகத் துருப்பிடிக்கும். சக்கரம் வைத்த பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரேக் போட்ட சக்கரமாக இருந்தாலும் அதன்மேல் நிறுத்தி வண்டியில் கொண்டுபோகாதீர்கள். நான்கு சக்கரமும் தகட்டைத் தொடும் இடம் ஒரு நகக்கண் அளவுதான். மரக்கட்டை கொடுத்துச் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி வையுங்கள்.

அடுத்தது விரிப்பு. இதற்கென்று காரில் போடுகிற மேட்டை வாங்கி ஏமாற வேண்டாம். மாட்டுக் கொட்டகையில் போடுகிற கறுப்பு ரப்பர் மேட் இருக்கிறதே, அதுதான் இதற்குச் சரியான பொருள். நானூறு ஐந்நூறு கிலோ மாடு ஏறி மிதிக்கிற விரிப்பு நம் பெட்டியையா தாங்காது? அடிப்பக்கம் குமிழோ வரியோ இருக்கும், தண்ணீர் ஓடிவிடும். கல் கிரஷரில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் கிடைத்தால் அதுவும் நன்றாக உழைக்கும், என்ன, அடிப்பக்கம் வழவழவென்று இருப்பதால் ஈரம் உள்ளேயே நிற்கும். ரப்பர் போட்டதும் பிடிமானம் இரண்டு மூன்று மடங்கு கூடுவது முதல் பிரேக்கிலேயே தெரியும்.

பெட்டியின் காலை அறுக்க மனசில்லாதவர்கள் ரப்பர் மேட்டின்மேல் 12 மி.மீ. பிளைவுட் போட்டு அதன்மேல் பெட்டியை வைக்கலாம். பிளைவுட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் இன்னொரு ரப்பர் துண்டு வேண்டும், இல்லையென்றால் பலகைமேல் சறுக்கும். கமர்ஷியல் பிளை ஒரு மழைக்குத் தாங்காது, அடுக்கடுக்காகப் பிரிந்து ஊறிய அப்பளம் ஆகிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாக வாங்கி, அறுத்த ஓரங்களில் பெயின்ட் அடித்துவிடுங்கள். அலுமினிய செக்கர் பிளேட் போட ஆசைப்படுகிறவர்கள் அதை நேராக இரும்புத் தகட்டின்மேல் போடாதீர்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் ஒன்று மற்றதைத் தின்னும், நடுவில் ரப்பர் அவசியம்.

பெட்டியை எங்கே வைப்பது? கேபினை ஒட்டி, முன்பக்கச் சுவரில் சாய்த்து. பின்கதவு ஓரத்தில் வைத்தால் எடுக்கச் சுலபம் என்று பலர் வைக்கிறார்கள், ஆனால் பின் அச்சுக்கு அப்பால் நிற்கிற பாரம்தான் அதிகமாகக் குதிக்கிறது, முன்சக்கரத்தின் பிடியும் குறைகிறது. கட்டுவதற்கு நைலான் கயிறு போதாது. நனைந்தால் இளகும், காலையில் இழுத்துக் கட்டியது மதியம் தொங்கும். ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற பட்டை, இரண்டு வாங்குங்கள். பெட்டியின் விளிம்பு பெல்ட்டை அறுக்காமல் இருக்கப் பழைய டயர் டியூப் துண்டை மடித்து வையுங்கள்.

நிரந்தரமாக நிறுத்துகிறவர்கள் போல்ட் போடுங்கள், வெல்டிங் வேண்டவே வேண்டாம். நானே வெல்டர், இருந்தும் சொல்கிறேன். மேலே பற்றவைத்தால் அடியில் பெயின்ட் கருகி உரியும், அது கண்ணுக்குத் தெரியாது, துரு கீழேயிருந்து ஏறிவரும். ஓட்டை போடுவதற்கு முன் அடியில் டீசல் டேங்க், பிரேக் பைப், ஒயர் எதுவும் இல்லையே என்று பாருங்கள், சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரும் இருக்கும். 10 மி.மீ. போல்ட், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு 5 மி.மீ. தகடு, பிறகு லாக் நட். வெறும் வாஷர் மட்டும் போட்டால் ஒருநாள் அது தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். ஓட்டையின் உள்விளிம்பில் பிரைமர் தொட்டுவிட்டு சீலன்ட் வையுங்கள். வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் வேண்டாம், அந்த அமிலமே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள்.

ஏற்றி இறக்கும்போது நடக்கிற சேதமும் கொஞ்சநஞ்சம் இல்லை. திறந்து தொங்குகிற பின்கதவின்மேல் பெட்டியை வைத்து இழுத்தால் மொத்த பாரமும் அந்த இரண்டு சங்கிலியில் விழும், கதவு ஒருமுறை கோணினால் அப்புறம் ஜென்மத்துக்கும் நேராக மூடாது. இரண்டு பேர் தூக்க முடியாத பெட்டி என்றால் பாதி சாமானை வெளியே எடுத்துவிட்டுத் தூக்குங்கள். சோம்பலில்தான் எல்லாம் கெடுகிறது.

எங்கள் தொழில்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: பின்கதவை மேசையாக வைத்துக் கிரைண்டர் ஓட்டாதீர்கள். சூடான இரும்புப் பொறி பெயின்ட்டில் பதிந்து, மறுநாள் பனியில் அம்மை போட்ட மாதிரி செம்புள்ளி விழும். மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, ரப்பர் மேட்டைத் தூக்கி அடியில் தண்ணீர் விட்டு அலசிக் காயவிடுங்கள். மூலையில் உள்ள வடிகால் ஓட்டைகளில் மண்ணும் வெல்டிங் ராடு துண்டும் அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். கடலோர ஊர் என்றால் இதில் சமரசமே கிடையாது. கீறல் கண்ணில் பட்டால் அன்றைக்கே 80ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 220, பளபளவென்று இரும்பு தெரிந்ததும் எப்பாக்ஸி பிரைமர், மேலே இரண்டு கோட்டு பெயின்ட்.

ஏற்கெனவே ஓட்டை விழுந்தவர்கள் பட்டி வைத்து மூடி மறைக்காதீர்கள், ஆறு மாதத்தில் உதிரும். நல்ல இரும்பு வரும்வரை அறுத்து எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், இங்கே வெல்டிங்கைத் தவிர்க்க முடியாது. ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். முடிந்ததும் மேலே பார்த்துத் திருப்தியாகி வண்டியை எடுத்துவிடாமல், குனிந்து அடிப்பக்கத்திலும் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். என் வண்டியில் முதல் தடவை அடிக்கவில்லை.