பழைய ஸ்போர்ட்ஸ் காரில் புதிய சத்தமா? என்ஜினை இறக்கும் முன் நீங்களே கேட்டுப் பாருங்கள்

புதுச்சேரியில் நான் ஓட்டுவது ஒரு சான் ஸ்டார்ம். கோவாவில் தயாரான இரண்டு இருக்கை வண்டி. ஃபைபர் உடல், 1149 சிசி ரெனோ என்ஜின். கடந்த மார்கழியில் ஒருநாள் காலை அதிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வரத் தொடங்கியது. ஒரு பட்டறையில் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "டாப்பெட் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்றார்கள். டாப்பெட் என்பது என்ஜின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகம். எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாள் பொறுமையாகக் கேட்டேன். அப்போது செய்தவற்றையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பாலான பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு இவை பொருந்தும்.

1. முதலில் ஆயில்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு இடையே ஆயில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆயில் குறைவாக இருந்தாலே வால்வுப் பகுதி சத்தம் போடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று இடித்தாலோ, அந்த இடத்திலேயே என்ஜினை அணைத்துவிடுங்கள். அப்படி இடிப்பது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். அதோடு ஓட்டினால் ராடு உடைந்து என்ஜின் பிளாக்கையே துளைத்துவிடக்கூடும். மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

2. சத்தம் எப்போது வருகிறது?

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'எப்படிப்பட்ட சத்தம்' என்று எழுதுவதால் பெரிய பயன் இல்லை. ஒருவருக்கு 'டிக்' என்பது இன்னொருவருக்குக் 'கட கட'. எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று எழுதுங்கள்.

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே கைபேசியில் பதிவு செய்யுங்கள். குளிர்ந்த என்ஜினில் வந்து, சூடானதும் மறைகிற சத்தத்துக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள்: தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது, அல்லது சைலன்சர் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் கசிவு. உலோகம் சூட்டில் விரிவதால் இரண்டிலும் இடைவெளி அடைபடுகிறது. ஆயில் சூடாகி இளகிய பிறகு சத்தம் கூடினால் பேரிங்குகளைச் சந்தேகியுங்கள்.

வேகத்தையும் கணக்கிடலாம். நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் என்ஜினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் அதில் பாதி, அதாவது 400 சுற்றுதான் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒரு வால்வு ஒருமுறை திறக்கும். பத்து விநாடிப் பதிவை மெதுவாக ஓடவிட்டு எண்ணிப் பாருங்கள். அறுபத்தைந்து, எழுபது தட்டு வந்தால் அது ஒரு வால்வாக இருக்கலாம். ஆனால் ஒரு சிலிண்டரின் புகை கசிந்தாலும் இதே எண்ணிக்கைதான் வரும். என் பட்டறைக்காரர்கள் தவறியதும் இங்கேதான்.

3. இடத்தைத் தேடுங்கள்

திறந்த வெளியில், நியூட்ரலில், கைபிரேக் போட்டுச் செய்யுங்கள். வேட்டி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பானட் அருகே வேண்டாம். ரேடியேட்டர் விசிறி சாவியை எடுத்த பிறகும் சுழலக்கூடும்.

நீண்ட திருப்புளியின் முனையை என்ஜின் மீது ஊன்றி, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்துங்கள். வால்வு மூடி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். சுழலும் பாகத்தில் மட்டும் முனை படவே கூடாது. நல்ல பேரிங் சீராக ரீங்கரிக்கும். கெட்டது மணலை அரைப்பதுபோல் கரகரக்கும். ஒருமுறை கேட்டுவிட்டால் வேறுபாடு மறக்காது.

காற்றுக் கசிவுக்குத் திருப்புளி உதவாது. ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைச் சூட்டில் படாமல் இணைப்புகளின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். என் வண்டியில் மூன்றாவது சிலிண்டர் அருகே வந்ததும் 'டிக்' என்பது 'சுஃப் சுஃப்' என்று ஊதலாக மாறியது. என்ஜின் ஆறியதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்குக் கரிக்கோடு. இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் எரிந்து, ஒரு போல்ட் துருப்பிடித்து உடைந்திருந்தது.

4. எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடியவை

கீச்சிடும் பெல்ட்டின் வரிப்பள்ளங்களில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சட்டென்று மாறினால் பெல்ட்டோ அதன் இழுவிசையோதான் காரணம். கிளட்ச் மிதித்தால் மறைகிற சத்தம் கியர்பாக்ஸ் பேரிங்கைக் காட்டும். மிதித்தால் மட்டும் வருவது கிளட்ச் ரிலீஸ் பேரிங். கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் சைலன்சர் மேலுள்ள வெப்பத் தகடு துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். என்ஜின் ஆறிய பின் மரக்கட்டையால் தட்டினாலே தெரிந்துவிடும்.

5. ஓட்டிக் கேளுங்கள்

அதிகாலையில், போக்குவரத்து இல்லாதபோது, ஒயிட் டவுனின் உயர்ந்த மதில்களை ஒட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். திறந்த சாலையில் கரைந்துபோகும் சத்தத்தை அந்த மதில் திருப்பி அனுப்பும். நம் ஊரில் பெரிய மேடு கிடையாது. ஆகவே சுமையில் சோதிக்க நூறடிச் சாலை மேம்பாலம்தான். மூன்றாவது கியரில் ஏறும்போது மட்டும் சலங்கைபோல் ஒலித்தால், அது பெட்ரோல் நேரம் தவறி எரிவதன் அடையாளம். தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் சிலிண்டரில் படிந்த கரியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

6. மெக்கானிக்கிடம் போகும்போது

நோட்டையும் பதிவுகளையும் காட்டுங்கள். வண்டியை முந்தைய இரவே விட்டுவிட்டு, காலையில் அவரையே முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பழுது பார்த்த பிறகும் அப்படித்தான். என் வண்டியில் கேஸ்கெட் மாற்றிய அன்று மாலை சத்தமே இல்லை. ஆனால் என்ஜின் சூடாக இருந்ததால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்து கேட்ட பிறகுதான் பட்டறைக்குப் பணம் கொடுத்தேன்.