எந்த ஊர்ச் சாப்பாட்டையும் நம் ஊர்க் கணக்கில் சாப்பிடாதீர்கள்

ஐந்து பேர் சேர்ந்து ஒரு தாய்லாந்து உணவகத்துக்குப் போகிறார்கள். மெனுவைப் புரட்டும்போது தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டதும், ஆளுக்கொரு பச்சைக் கறி, ஆளுக்கொரு கிண்ணம் சாதம் என்று சொல்லிவிடுகிறார்கள். பாதிக் கிண்ணம் தாண்டுவதற்குள் தேங்காய்ப்பால் திகட்டுகிறது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா போகப் போக ஒரே மாதிரி இருக்கு" என்று தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து வருகிறார்கள். இதில் சமையல்காரர் செய்த தப்பு எதுவும் இல்லை. அந்தக் கறி ஒரு முழுச் சாப்பாடாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தே சமைக்கவில்லை.

வெளியே சாப்பிடும்போது நாம் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். ஆளுக்கொரு தட்டு வேண்டும், சோறு நனையக் குழம்பு வேண்டும், எல்லாம் ஆவி பறக்க வர வேண்டும், காரம் சுள்ளென்று ஏற வேண்டும். இந்த வீட்டுச் சட்டங்களை எந்த நாட்டு மேஜையில் உட்கார்ந்தாலும் அமல்படுத்தப் பார்க்கிறோம்.

பங்கு போடுவதா, ஆளுக்கு ஒன்றா?

ஆர்டர் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். தாய், சீனம், கொரியா, லெபனான் சாப்பாடுகள் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதற்கென்றே அமைந்தவை. தாய் உணவகத்தில் நான்கு பேருக்கு ஒரு புளிப்பு சூப், ஒரு பப்பாளி சாலட், ஒரு கறி, ஒரு காய் வதக்கல், ஒரு மீன் என்று சொல்லிவிட்டு, சாதத்தை மட்டும் ஆளுக்கொன்று வாங்கிப் பாருங்கள். சூப்பின் புளிப்பு கறியின் திகட்டலை வெட்டும். சாலட்டின் காரத்தைச் சாதம் அடக்கும். ஐந்தில் மூன்று காரமாக இருந்தாலோ, மூன்று பொரித்ததாக இருந்தாலோ அந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்புறம், சாப்ஸ்டிக் கேட்டுச் சங்கடப்பட வேண்டாம். தாய்லாந்தில் சாதத்தைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள். முள்கரண்டி, கரண்டிக்குள் தள்ளிவிடுவதற்கு மட்டும். சாப்ஸ்டிக் நூடுல்ஸ் கிண்ணத்தோடுதான் வரும்.

இதற்கு நேர்மாறாக, நேப்பிள்ஸ் பாணிப் பீட்சாவை அங்கே ஆளுக்கொன்று வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இங்கே அதை ஆறு பேருக்கு ஒன்று என்று வாங்கி, ஆளுக்கொரு துண்டு கையில் எடுத்ததும் முனை தொங்கி, சீஸ் வழிந்து, "வேகவே இல்லை" என்று புகார் சொல்கிறோம். சுமார் 485 டிகிரி செல்சியஸ் சூட்டில் 60 முதல் 90 நொடிக்குள் வெந்து வரும் பண்டம் அது. நடுப்பகுதி மெத்தென்று ஈரமாகத்தான் இருக்கும். விளிம்பில் கரும்புள்ளிகள் இருக்கத்தான் செய்யும். கருகிவிட்டது என்று திருப்பி அனுப்புவது அந்தக் கடைக்காரருக்குச் செய்யும் கொடுமை. கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. படம் எடுக்க ஐந்து நிமிடம் செலவழித்தால்தான் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

"கொஞ்சம் கிரேவி குடுங்க"

நம்மூர்க்காரர் கொல்கத்தாவில் பிரியாணி சாப்பிடுவதைப் பார்த்தாலே தெரியும். தட்டில் ஒரு பெரிய உருளைக்கிழங்கு. "பிரியாணியில கிழங்கா?" என்று அதை ஓரம் ஒதுக்குவார். அடுத்து சால்னா எங்கே என்று தேடுவார். லக்னோவிலிருந்து ஆண்ட அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் நாட்டை இழந்து கொல்கத்தாவின் மெட்டியாப்ருஸில் வந்து தங்கிய காலத்தோடு இந்தப் பிரியாணியின் கதையைச் சேர்த்துச் சொல்வார்கள். மசாலா மெலிதாக, மணம் தூக்கலாக இருப்பது அதன் குணம். அந்தக் கிழங்கு கறியின் சாற்றையும் நெய்யையும் குடித்து வெந்திருக்கும். தெரிந்தவர்கள் முதலில் கை வைப்பதே அதில்தான். அதன்மேல் சால்னாவை ஊற்றினால் மணம் மொத்தமும் போய்விடும்.

சென்னையில் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் மந்திக் கடைகளிலும் இதே கதைதான். மந்தி ஏமன் நாட்டுச் சமையல். குழி அடுப்பில் கறி மேலே, அரிசி கீழே. கறியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் சோற்றில் இறங்குவதுதான் அதன் ருசி. பிரியாணி மசாலாவை அதில் தேடினால் சப்பென்றுதான் இருக்கும். கூட வரும் காரத் தக்காளிச் சட்னியைத் தொட்டுக்கொண்டால் போதும். மயோனைஸை அள்ளிக் கொட்டி அத்தனையையும் ஒரே ருசியாக்குபவர்களை நான் தடுப்பதில்லை, அவர்கள் பணம். ஆனால் பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததை மறந்துவிட வேண்டாம். முட்டை சேர்த்ததா, சேர்க்காததா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வங்காளிச் சாப்பாட்டுக்கு இன்னொரு ஒழுங்கு உண்டு. முதலில் கசப்பு, பிறகு பருப்பும் காயும், அப்புறம் மீன், அதற்குமேல் கறி, இனிப்புச் சட்னி, கடைசியில் இனிப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோற்றோடு சாப்பிட வேண்டும். நாம் எல்லாவற்றையும் வரிசையாகச் சோற்றைச் சுற்றி வைத்துக்கொண்டு, கடுகு மீனையும் ஆட்டுக்கறியையும் மாற்றி மாற்றித் தொட்டால், கடுகின் நெடி கறிக்கு அடியில் காணாமல் போய்விடும்.

ஆறியிருந்தால் பழையதா?

சென்னை பீச் ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜார் பக்கத்துத் தெருக்களில், சாயங்காலம் அத்தோ கடைகள் போடுவார்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை எடுத்துப் போட்டு, நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, எலுமிச்சை பிழிந்து நீட்டுவார். புதிதாக வருபவர் ஒரு வாய் எடுத்துவிட்டு, "அண்ணே, ஆறிப்போயிருக்கு, கொஞ்சம் சூடு பண்ணுங்க" என்பார். அத்தோவை வாணலியில் சூடாக்கினால் அது வேறு ஏதோ ஃப்ரைட் நூடுல்ஸ். முட்டைக்கோஸின் நறுக்கும் பொரித்த வெங்காயத்தின் மொறுமொறுப்பும் போய்விடும். சூட்டுக்குத்தான் பக்கத்தில் வாழைத்தண்டு சூப் தருகிறார்களே! ஒரு வாய் அத்தோ, ஒரு மடக்கு சூப் என்று போக வேண்டும். சூப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்பவர்கள் பாதி ருசியை விட்டுவிடுகிறார்கள்.

ஜப்பானியர்களின் குளிர்ந்த சோபா நூடுல்ஸ், ஐஸ் மிதக்கும் சாற்றில் வரும் கொரிய நெங்மியோன் நூடுல்ஸ், ஸ்பெயினின் தக்காளி சூப்பான கஸ்பாச்சோ எல்லாமே இந்த வகைதான், சில்லென்றுதான் வரும். ஆனால் சோற்றின்மேல் மீன் வைத்துத் தரும் சுஷியின் சோறு ஃப்ரிட்ஜில் வைத்தது போல விறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். அது உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும்.

ருசி பார்ப்பதற்கு முன் சாஸ்

வியட்நாமின் ஃபோ சூப்பை எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து இறக்குகிறார்கள். மேஜைக்கு வந்த நொடியிலேயே அதில் சிவப்புச் சாஸும் கறுப்புச் சாஸும் பீய்ச்சுவது நம்மில் பலரின் பழக்கம். முதலில் வெறும் சாற்றை இரண்டு கரண்டி குடியுங்கள். அப்புறம் இலைகளைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழியுங்கள். சாஸ் கடைசி, அதுவும் கறியைத் தொட்டுக்கொள்ளத் தனிக் கிண்ணத்தில்.

சுஷியில் சோற்றுப் பக்கத்தை சோயா சாஸில் முக்கினால் சோறு உதிர்ந்து கிண்ணத்தில் மிதக்கும். மீன் பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். கையால் எடுத்துச் சாப்பிடலாம், அது மரியாதைக் குறைவு இல்லை. இஞ்சி ஊறுகாய் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வாயைச் சுத்தப்படுத்த. சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது மட்டும் வேண்டாம், ஜப்பானில் அது சாவுச் சடங்கில் செய்வது.

தாய் சூப்பில் மிதக்கும் எலுமிச்சைப் புல்லும் சித்தரத்தை மாதிரித் துண்டுகளும் மணத்துக்குத்தான். நம் கறிவேப்பிலைபோல் ஒதுக்கிவிடலாம். சிச்சுவான் கோழி வறுவலில் மலைபோல் குவிந்திருக்கும் காய்ந்த மிளகாயும் அப்படித்தான். அதில் கோழியைப் பொறுக்கிச் சாப்பிடுவதுதான் வேலையே.

கொரிய மேஜை

ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, கொரியப் பொறியாளர்களோடு அவர்கள் சாப்பாடும் சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்கும் வந்தது. இப்போது நம் பிள்ளைகள் கொரிய சீரியல் பார்த்துவிட்டு அந்தக் கடைகளுக்குப் போகிறார்கள். உட்கார்ந்ததும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கிம்சி (காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), முளைகட்டிய பயறு, கீரை, உருளைக்கிழங்கு என்று வரிசையாக வைப்பார்கள். "நாங்க இதெல்லாம் சொல்லலையே" என்று பதற வேண்டாம். அவை சாப்பாட்டோடு சேர்ந்தவை, பெரும்பாலான கடைகளில் தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள். இன்னொரு தவறு, பசியில் அவற்றை ஸ்டார்ட்டர் மாதிரி முதலிலேயே காலி செய்வது. அவை கடைசிவரை சோற்றோடும் கறியோடும் கூட வர வேண்டியவை.

மேஜையிலேயே கறி சுடுவதாக இருந்தால், உப்பு மட்டும் போட்டதை முதலில் சுடுங்கள். சோயாவும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்ததை முதலில் போட்டால் சர்க்கரை கருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு போடுவதெல்லாம் கசக்கும். சுட்டதை ஒரு கீரை இலையில் வைத்து, பூண்டும் கூட வைக்கும் விழுதும் கொஞ்சம் சேர்த்து மடித்து ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி மடியில். கல் சட்டியில் வரும் கலவைச் சோறான பிபிம்பாப்பை ஓரிரு நிமிடம் அப்படியே விட்டால் அடிச்சோறு பொறுபொறுவென்று பிடிக்கும், அப்புறம் அடியோடு கிளறுங்கள். நம் வீட்டில் தீய்ந்த சோற்றுக்குச் சண்டை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சைவமா என்று மட்டும் கேட்டால் போதாது

சைவக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கண்ணுக்குத் தெரியும் துண்டில் ஆபத்து குறைவு. சாறும் சாஸும்தான் ஏமாற்றும். தாய்க் கறி விழுதில் இறால் விழுது உண்டு. காய் வதக்கலில் சிப்பி சாஸ், பப்பாளி சாலட்டில் மீன் சாஸும் உலர்ந்த இறாலும். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் உலர்த்திய மீனில் எடுத்தது. கிம்சியில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இருக்கும். இலங்கைக்குப் போனால் தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல் இரண்டிலும் மாசிக் கருவாடு தூவியிருக்க வாய்ப்பு அதிகம். இத்தாலியின் அசல் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள்.

"இது வெஜ்ஜா?" என்று கேட்டால் சர்வர் கறித்துண்டு இருக்கிறதா என்று மனதுக்குள் பார்த்துவிட்டு "வெஜ்தான் சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. "மீன் சாஸ் ஊத்துவீங்களா, இறால் விழுது உண்டா, சூப் எதுல வெச்சது?" என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தாய்லாந்திலேயே இருந்தால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்ட கடையைத் தேடுங்கள். அங்கே மாமிசம், மீன் சாஸ் மட்டுமல்ல, பூண்டுகூட இருக்காது. வேர்க்கடலை, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தக் கேள்வியை இன்னும் கறாராகக் கேட்க வேண்டும்.

மெனுவும் பில்லும்

இட்லி முதல் சுஷி வரை முந்நூறு அயிட்டம் போட்ட மெனு கையில் வந்தால், அந்தக் கடை எதில் கைதேர்ந்தது என்று பக்கத்து மேஜைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லோரும் தந்தூரி சாப்பிடும் இடத்தில் நாம் மட்டும் லசான்யா கேட்பது வீர விளையாட்டு.

மேஜைக்கு வருவதெல்லாம் இலவசமா என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கொரியக் கடையில் கிண்ணங்களுக்குக் காசு இல்லை. சிங்கப்பூரின் பல சீன உணவகங்களில் முதலில் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் பில்லில் தனியாகக் காசு போட்டிருப்பார்கள். வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். இலங்கையில் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட் கொண்டுவந்து வைத்தால் முழித்துக்கொண்டு உட்கார வேண்டாம், எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்குத்தான் பணம். நண்டு, மீன் பல ஊர்களில் எடைக் கணக்கு. சிங்கப்பூர் மிளகாய் நண்டை ஆர்டர் செய்யும் முன் கிலோ என்ன விலை, இந்த நண்டு எத்தனை கிலோ என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். வாய்க்குள் போனபிறகு பேரம் பேச முடியாது.

நம் நாட்டில் பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று சேர்த்திருந்தால் அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உணவகங்கள் அதைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஜிஎஸ்டி வேறு, அதை நீக்க முடியாது. சர்வர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.