ஸ்காட் லஃபாரோவின் டபுள் பேஸைக் காதால் பின்தொடர்வது எப்படி

ஜாஸ் குழுவில், ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸ் ஒலிப்பதைப் பலரும் உணர்கிறார்களே தவிர, அதைத் தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள ஸ்காட் லஃபாரோவை விடப் பொருத்தமான கலைஞர் இல்லை என்பது என் கருத்து. 1936இல் பிறந்து 25ஆம் வயதில் மறைந்த அவருடைய முக்கியமான பதிவுகளை ஓரிரு வாரங்களில் வரிசையாகக் கேட்டுவிடலாம்.

முதலில் கருவியைக் கவனியுங்கள். டபுள் பேஸின் மிகக் கனத்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தை எட்டவே முடியாது என்பதால் நல்ல ஹெட்போன் கட்டாயம் வேண்டும்.

நேரே லஃபாரோவிடம் போகாமல், 1959இல் வெளிவந்த, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தொகுப்பில் உள்ள 'சோ வாட்' என்ற முதல் உருப்படியைக் கேளுங்கள். அதில் பேஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ், தனி வாசிப்புகளுக்கு அடியில் ஒரு தாளத் தட்டுக்கு ஒரு சுரம் என்று சீராக நடந்துகொண்டே இருப்பார். 'வாக்கிங் பேஸ்' எனப்படும் இந்த நடையைக் கூடவே விரலால் தட்டிப் பழகினால்தான், லஃபாரோ எதைக் கைவிட்டார் என்பது காதுக்குப் புலப்படும். அங்கே பியானோ வாசிக்கும் பில் எவன்ஸ்தான், அதே ஆண்டின் இறுதியில் லஃபாரோவையும் டிரம்ஸ் கலைஞர் பால் மோஷியனையும் சேர்த்து மூவர் குழு அமைத்தவர்.

லஃபாரோ சிறுவயதிலிருந்து பேஸ் வாசித்தவர் அல்லர். பியானோ, கிளாரினெட், சாக்ஸபோன் என்று சுற்றிவந்து, ஏறத்தாழ 18ஆம் வயதில், இசைக் கல்லூரியில் சேருவதற்குத் தந்தி வாத்தியம் ஒன்று தேவைப்பட்டதால் அதைக் கையில் எடுத்தார். ஊதுகருவி வாசித்தவரின் மூச்சுக் கணக்கு அவருடைய பேஸ் சொற்றொடர்களில் கேட்கிறது என்று எனக்குத் தோன்றும். தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற கட்டையைத் தாழ்த்தி, அவற்றை விரல்பலகைக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, வலக்கையின் இரண்டு விரல்களால் மாற்றி மாற்றி மீட்டினார். ஒலியின் கனம் சற்றுக் குறைந்தாலும், மேல்ஸ்தாயியில் கிதாரைப் போன்ற வேகம் கிடைத்தது.

அடுத்து, 1959 டிசம்பர் 28 அன்று பதிவான 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' தொகுப்பில் 'ஆட்டம் லீவ்ஸ்' உருப்படியைக் கேளுங்கள். மெட்டு முடிந்ததும், பியானோவுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் பக்கவாத்தியமாக இருக்கவேண்டிய பேஸ், ஒரு துணுக்கை வீசி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடியும் குறுக்கிடும். அந்தப் பகுதியில் பியானோவை மனதிலிருந்து விலக்கிவிட்டு, பேஸ் எங்கெங்கே மௌனமாகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை கேட்கையில் அந்த மௌனங்களைப் பியானோ எப்படி நிரப்புகிறது என்று பாருங்கள். பிறகு வாக்கிங் நடை தொடங்கும் கணம் தானாகவே பிடிபடும்.

துணிச்சல் உள்ளவர்கள் 1960 டிசம்பர் 21 அன்று பதிவான, சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' தொகுப்பையும் கேட்கலாம். அதில் இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. இடது காதில் லஃபாரோ, வலது காதில் இன்னொரு பேஸ் கலைஞரான சார்லி ஹேடன். ஒரு பக்கத்து ஹெட்போனை மாற்றி மாற்றிக் கழற்றினால் இருவரின் குணவேறுபாடும் தெளிவாகும்: லஃபாரோ உயரத்தில் ஓடுகிறார், ஹேடன் அடித்தளத்திலேயே ஊன்றி நிற்கிறார்.

நிதானமாக நேரம் ஒதுக்க வேண்டியது, நியூயார்க்கின் ஜாஸ் கிளப்பான வில்லேஜ் வேன்கார்டில் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை பதிவான நிகழ்ச்சிக்குத்தான். அன்று பகலும் இரவுமாக ஐந்து அமர்வுகள் நடந்தன. கண்ணாடிக் குவளைகளின் சத்தமும் மேசைப் பேச்சும்கூடப் பதிவாகியிருக்கின்றன. லஃபாரோ இயற்றிய 'குளோரியாஸ் ஸ்டெப்' வழக்கமான நான்கு அளவை (தாளச் சுற்று) பகுப்புக்குப் பதிலாக ஐந்து ஐந்தாக நகர்வதால், எண்ணிக்கொண்டு கேட்பவர் முதலில் இடறுவார். அதன் முதல் பதிவு மின்தடையால் இடையில் அறுந்திருப்பதை, அன்றைய பதிவுகள் முழுவதையும் கொண்ட தொகுப்பில் கேட்கலாம். பிறகு அவருடைய இன்னோர் ஆக்கமான 'ஜேட் விஷன்ஸ்'. இதில் வேகம் காட்டாமல், ஒன்றுக்கு மேற்பட்ட தந்திகளைச் சேர்த்து மீட்டி மெல்ல நகர்கிறார்.

பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, நியூயார்க் மாநிலத்தில் நேர்ந்த கார் விபத்தில் அவர் இறந்தார். துயரத்தில் ஆழ்ந்த எவன்ஸ் பல மாதங்கள் மேடையேறவில்லை. வேன்கார்ட் பதிவுகளில் லஃபாரோவின் வாசிப்பு மேலோங்கியவற்றைத் தேர்ந்து 'சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்' வெளியானது. ஒரே ஒரு தொகுப்பு வாங்குவதானால் இதையே வாங்கலாம். அதைத் தொடர்ந்து, எவன்ஸின் பிந்தைய குழுக்களில் பேஸ் வாசித்த சக் இஸ்ரேல்ஸ், எடி கோமஸ், மார்க் ஜான்சன் ஆகியோரின் பதிவுகளை இதே முறையில் கேட்டு ஒப்பிடலாம்.