ஹைப்பர்லூப் மணிக்கு எத்தனை பேரை ஏற்றும்? நீங்களே கணக்குப் போடுங்கள்

காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிய குழாய்க்குள் பெட்டிகளை அதிவேகமாக ஓட்டும் திட்டம்தான் ஹைப்பர்லூப். அது என்றாலே எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டே எண்கள் வேண்டும்: ஒரு பெட்டியில் எத்தனை சீட், ஒன்று கிளம்பி எத்தனை விநாடி கழித்து அடுத்தது கிளம்பும். 3600-ஐ அந்த இடைவெளியால் வகுத்து சீட்டால் பெருக்கினால் ஒரு திசையில் மணிக்கு எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். 2013-இல் எலான் மஸ்க் வெளியிட்ட திட்டத்தில் பெட்டிக்கு 28 பேர், சராசரியாக 2 நிமிடத்துக்கு ஒரு பெட்டி, ஆக 840 பேர். கூட்ட நேரத்தில் 30 விநாடிக்கு ஒன்று விட்டால் 3,360. ஜப்பானின் தோக்கைடோ ஷின்கான்சென் புல்லட் ரயிலில் 1,323 சீட், உச்சத்தில் மணிக்கு 17 ரயில் வரை ஓடுகிறது. பெருக்கிப் பாருங்கள், 22,491! இத்தனைக்கும் அது 285 கிலோமீட்டர் வேகம்தான்.

சரி, இடைவெளியை இன்னும் குறைத்தால் என்ன? அங்கேதான் பிரேக் வந்து நிற்கிறது. ஹைப்பர்லூப்பின் உச்ச வேகமான மணிக்கு 1,220 கிலோமீட்டரை 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 339 மீட்டர். காரில் சடன் பிரேக் அடிக்கிற மாதிரி, ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 4.9 மீட்டர் வீதம் குறைந்தால்கூட நிற்க 69 விநாடி, 11.7 கிலோமீட்டர் ஆகும். 30 விநாடி இடைவெளியில் முன்னால் போகும் பெட்டியோ 10.2 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. மெட்ரோ ரயில் மாதிரி மெதுவாக, ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் மட்டும் குறையும்படி பிரேக் பிடித்தால் 57 கிலோமீட்டர் தேவை. அப்போது இடைவெளி 170 விநாடி, மணிக்கு 600 பேர்கூடத் தேறாது. வேகம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் வேடிக்கை.

முன்பெட்டியும் பிரேக் பிடித்துத்தானே நிற்கும், முழுத் தூரமும் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அது தடம் புரண்டு அங்கேயே நின்றுவிட்டால்? ரயில் சிக்னலில் பொதுவாக அந்த நம்பிக்கையை வைப்பதில்லை.

அப்புறம் ஸ்டேஷன். ஏறி இறங்க 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 30 விநாடிக்கு ஒரு பெட்டி வர குறைந்தது 6 மேடை வேண்டும், குழாய்க்குள் காற்று புகாமல் தடுக்கும் காற்றடைப்பு அறையில் போகும் நேரம் தனி. ஒரு பாட்டி பையை மேலே வைக்க ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்தால், அந்த மேடைக்கு வர வேண்டிய பெட்டி குழாய்க்குள்ளேயே காத்திருக்கும், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வந்துகொண்டிருக்கும்.