ஜிங்க், காப்பர், செலினியம், இரும்பு: கருப்பை வாய்ப் புற்றுநோய் பயத்தோடு ரத்த ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

ரத்தத்தில் இருக்கும் நுண்தாதுக்களை, அதாவது உடலுக்கு மிகக் கொஞ்சமாகவே தேவைப்படும் தாதுக்களை, அளக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. அதனால் தெரிந்த பெண்கள் பலரும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, "ஜிங்க் கம்மியா இருக்கே, கருப்பை வாயில ஏதாவது இருக்குமா?" என்று கேட்பார்கள். எண்ணைப் பார்ப்பதற்கு முன் நான் மூன்று விஷயம் கேட்பேன். எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள், சாப்பிட்டிருந்தீர்களா, அந்த வாரம் காய்ச்சலோ தொற்றோ இருந்ததா? பாதிப் பேருக்குப் பயம் அங்கேயே இறங்கிவிடும்.

முதலில் அடிப்படை. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்பிவி வைரஸின் ஆபத்தான வகைகள் உடலில் நீண்ட காலம் தங்கிவிடுவதால் வருவது. 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஹரால்டு ட்சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ஜிங்க் குறைந்ததால் மட்டும் யாருக்கும் இந்தப் புற்றுநோய் வருவதில்லை.

அதற்காகத் தாதுக்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எச்பிவி தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு ஓரிரு வருடத்தில் அது அடங்கிவிடுகிறது. அதைச் செய்வது நோய் எதிர்ப்பு அணுக்கள். அவை ஒழுங்காக வேலை செய்ய ஜிங்க்கும் செலினியமும் வேண்டும். ஆனால் வைரஸுக்கும் ஜிங்க் வேண்டும்! செல்லைக் கெடுக்கும் அதன் இ6, இ7 புரதங்கள் இரண்டுமே ஜிங்க்கைப் பிடித்துக்கொண்டுதான் உருக்குலையாமல் நிற்கின்றன. அந்த இ6 அழிக்கும் பி53 என்ற நம்முடைய காவல் புரதத்துக்குள்ளும் ஜிங்க்தான். 'ஜிங்க் மாத்திரை போட்டால் வைரஸ் ஓடிவிடும்' என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் காலையில் வெறும் வயிற்றில் போங்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஜிங்க் இறங்கும். மதியத்துக்கு மேல் கொடுத்தாலும் குறைவாகக் காட்டும். நுண்தாதுவுக்கென்றே அடர்நீல மூடி போட்ட டியூப் இருக்கிறது, அதில்தான் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். சாதாரண டியூபின் ரப்பர் மூடியிலிருந்தே ஜிங்க் கலந்துவிடலாம். சிவப்பணுக்களுக்குள் ஜிங்க் நிறைய இருப்பதால், அவை உடைந்துபோன ரத்த மாதிரியில் எண் பொய்யாக ஏறும். சளி, காய்ச்சல் இருந்தால் அவசரமில்லாத பட்சத்தில் தள்ளிப்போடுங்கள். கூடவே சிஆர்பி என்ற அழற்சிப் பரிசோதனையையும் (அழற்சி என்றால் தொற்று, காயம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை) பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். என்னைக் கேட்டால், அது இல்லாத தாது ரிப்போர்ட் அரை ரிப்போர்ட்தான்.

காரணம் இதுதான். உடலில் மொத்தம் இரண்டு கிராம் அளவுக்கு ஜிங்க் இருக்கிறது. பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும். நாம் அளக்கும் ரத்தத் தெளிவில் (அணுக்களை நீக்கிய பிறகு மிஞ்சும் திரவம்) இருப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடலில் எங்காவது அழற்சி வந்தால் கல்லீரல் ஜிங்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் எண் விழும். அதே கல்லீரல் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் செய்து அனுப்பும். ரத்தத்தின் காப்பர் பெரும்பாலும் அந்தப் புரதத்தில்தான் இருக்கிறது, அதனால் காப்பர் ஏறும். செலினியமும் அழற்சியில் இறங்கக்கூடியதுதான்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள பெண்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில் இதே படம் வந்திருக்கிறது: நோயாளிகளுக்குக் காப்பர் அதிகம், ஜிங்க்கும் செலினியமும் குறைவு. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் பயப்படுகிறார்கள். நோய் வந்த பிறகு எடுத்த ரத்தத்தை வைத்து, குறைவுதான் நோயைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. நிமோனியாவிலும் மூட்டு அழற்சியிலும்கூட இப்படித்தான் வரும். கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் எந்த நோயும் இல்லாமலே காப்பர் நன்றாக ஏறும். ரிப்போர்ட்டில் 'காப்பர்-ஜிங்க் விகிதம் அதிகம்' என்று சிவப்பில் போட்டிருந்தால், கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தலைமுடியில் தாது பார்க்கும் பரிசோதனையை விட்டுவிடலாம். பொடுகு ஷாம்பூக்களில் ஜிங்க் பைரிதியோனும் செலினியம் சல்ஃபைடும் இருக்கின்றன. முடியில் கிடைப்பது உடம்பிலிருந்து வந்ததா, பாட்டிலிலிருந்து வந்ததா?

நான் உண்மையிலேயே நிறுத்தி நிதானமாகப் பார்க்கும் தாது இரும்பு. ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு என்றால், இரும்பு எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் படுகிறதா? உடலுறவுக்குப் பின் படுகிறதா? மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகு ஒரு துளியாவது பட்டதா? நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் உண்டா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்துப் பரிசோதிக்க வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் ஹீமோகுளோபின் ஏறும், களைப்பு போகும். கசிவின் காரணம் அப்படியே இருக்கும். கூச்சத்தில் இதையெல்லாம் நோயாளியும் சொல்வதில்லை, பல டாக்டர்களும் கேட்பதில்லை. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடுங்கள். இன்னொன்று: ஃபெரிட்டின் அழற்சியில் ஏறும். சிஆர்பி அதிகமாக இருக்கும்போது ஃபெரிட்டின் 'நார்மல்' என்று வந்தால் இரும்பு போதுமானது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆக, ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் கருப்பை வாயைப் பற்றித் தெரிய வேண்டுமானால் எச்பிவி பரிசோதனை, இல்லாவிட்டால் பேப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்ப்பது). உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னபடி, 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை. எச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் மேலே சொன்ன ரத்தக்கசிவு இருப்பவர்கள் இந்த வருடக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போக வேண்டும். வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளை இருந்தால் எச்பிவி தடுப்பூசிக்கு அதுதான் சரியான வயது.

அப்புறம் மாத்திரைகள். செலினியம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 55 மைக்ரோகிராம் போதும். 255 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வரம்பு வைத்தது. மீறினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். 2008இல் அமெரிக்காவில் தவறாகத் தயாரித்த ஒரு திரவச் சத்து மருந்தைக் குடித்து சுமார் 200 பேர் இப்படி அவதிப்பட்டார்கள். லேபிளில் போட்டதைவிட 200 மடங்கு செலினியம் அதில் இருந்தது. ஜிங்க்குக்கு அமெரிக்க வரம்புப்படி ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் உச்சம். மாதக்கணக்கில் அதற்கு மேல் போனால் காப்பர் குறையும், அதனாலேயே ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரலாம்.

சிகிச்சையில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செலினியம் குறைவாக இருந்த கருப்பை வாய், கருப்பைப் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சின்போது செலினியம் கொடுத்த ஒரு ஜெர்மன் ஆய்வில் கதிர்வீச்சால் வரும் வயிற்றுப்போக்கு குறைந்தது உண்மை. ஆனால் அது 81 பேர் கொண்ட சிறிய ஆய்வு. அளந்து பார்த்து, குறைவு என்று தெரிந்தவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். கதிர்வீச்சோடு வழக்கமாகத் தரும் சிஸ்பிளாட்டின் மருந்து சிறுநீர் வழியாக மக்னீசியத்தை வெளியேற்றும். மக்னீசியம் நுண்தாது இல்லைதான், என்றாலும் அந்த நாட்களில் ஜிங்க்கைவிட அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது பயனுள்ளது. நீங்களாக ஏதாவது சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பெயரைச் சொன்னால் போதாது, ஒரே பெயரில் அளவு வேறு வேறாக வருகிறது. டப்பாவையே எடுத்துப்போய்ப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.